பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லட்டும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், பங்குப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் ஆலயம் பொன்விழாக் காணும் இந்த மகிழ்ச்சியான வேளையில், பள்ளிப் பிள்ளைகளின் படைப்பாற்றலை இக்காலத் தொடர்புச் சாதனங்களின் வழியாக எப்படி வளர்ப்பது என்பது பற்றிப் பேசுமாறு பங்குத் தந்தை அவர்கள் என்னைப் பணித்தார்கள். பெரிய தலைப்புத்தான். ஆனால் நான் சொல்ல வந்தது சிறிய செய்தி. பிள்ளையின் கையில் கருவியைக் கொடுக்குமுன், பிள்ளைக்கு நம் காதைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கமே.

நம் பள்ளி ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். கட்டபொம்மன் வசனம், ஔவையார் வேடம், கிறிஸ்மஸ் நாடகம், ஆங்கிலத்தில் வரவேற்புரை என்று நம் பிள்ளைகள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். நாமும் கை வலிக்கத் தட்டுகிறோம். அதே பிள்ளையை மேடையிலிருந்து இறக்கி, "நேற்று உன் வீட்டில் என்ன நடந்தது, சொல் பார்க்கலாம்" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பதுதான் பதில். பிறர் எழுதிய வசனம் பத்து நிமிடம் வருகிறது. தன் வாழ்வைப் பற்றி இரண்டு வாக்கியம் வரவில்லை. வாய் இல்லாததாலா? இல்லை, அன்பர்களே! தன் வீட்டிலும் தன் தெருவிலும் சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்று அந்தப் பிள்ளை எண்ணிவிட்டது. கதை என்றால் சினிமாவில் இருப்பது, செல்போனில் ஓடுவது, பாடப்புத்தகத்தில் அச்சானது என்று நினைத்துவிட்டது. இந்த எண்ணத்தோடு வளரும் பிள்ளை நாளை எந்தச் சபையிலும் வாய் திறக்காது. தனக்கு ஒரு அநீதி நடந்தாலும் அதை எடுத்துச் சொல்ல அதற்கு வார்த்தை இராது.

திருச்சபையின் அழைப்பு

இது பள்ளிக்கூடத்து விவகாரம், கோயிலுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனியாக ஓர் ஏட்டையே வெளியிட்டது. பத்திரிகையையும் திரைப்படத்தையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் கண்டு ஒதுங்காமல், அவற்றை நல்ல முறையில் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அது நம்மை அழைத்தது. 1967 முதல் ஆண்டுதோறும் உலக சமூகத் தொடர்பு நாளைத் திருச்சபை கொண்டாடி வருகிறது. 2020-ஆம் ஆண்டு அந்த நாளுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் விடுத்த செய்தி முழுவதும் கதை சொல்வதைப் பற்றியது. விடுதலைப் பயண நூலின் பத்தாம் அதிகாரத்தில், ஆண்டவர் தமக்குச் செய்ததைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வருகிறதே, அந்த இடத்தைத்தான் அவர் தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

நம் ஆண்டவரே கதை சொன்னவர்தாம். எங்கிருந்து எடுத்தார் தம் கதைகளை? அரண்மனையிலிருந்தா? விதைக்கிறவன், வலை வீசுகிறவன், மாவில் புளிப்பைச் சேர்க்கும் பெண், தொலைந்த காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண் இவர்களிடமிருந்து எடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த ஏழை மக்கள், "இது நம் வீடு அல்லவா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நம் வீட்டுக் கதைக்கும் மதிப்பு உண்டு என்பதை அவரே நமக்குக் காட்டினார்.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ ஒரு சிறுவனைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கார்லோ அகுதிஸ் என்ற அந்தச் சிறுவன் 1991-இல் பிறந்து, 2006-இல் இரத்தப் புற்றுநோயால் 15 வயதிலேயே இறந்தவன். அவனும் உங்கள் பிள்ளைகளைப் போலக் கணிப்பொறியில் ஆசை உள்ளவன்தான். ஆனால் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. உலகெங்கும் நடந்த நற்கருணைப் புதுமைகளைத் தேடித் திரட்டி, இணையத்தில் எல்லாரும் காணும்படி அடுக்கி வைத்தான். கருவிக்கு அவன் அடிமையாகவில்லை. கருவியை வேலை வாங்கினான். நம் பிள்ளைகளிடமும் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

மூன்று முன்னோடிகள்

பிள்ளைகள் தங்கள் வாழ்வைத் தாங்களே படைத்துக் காட்டும் கல்வி இன்று நேற்று வந்ததன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நாட்டில் இதைச் செய்தவர்கள் மூவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாமவர் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்த செலஸ்தீன் பிரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு வந்தவர். வகுப்பில் நெடுநேரம் உரத்த குரலில் பேச அவரால் முடியாது. ஆசிரியர் பேச முடியாவிட்டால் பிள்ளைகள் பேசட்டுமே என்று எண்ணினார். 1924-இல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் வயல்வெளிக்குச் சென்று பார்த்ததை எழுதினார்கள். எதை அச்சிடுவது என்று தாங்களே முடிவு செய்தார்கள். எழுத்துக்களைத் தாங்களே கோத்தார்கள். அச்சான தாள்களைத் தொலைவிலிருந்த வேறொரு பள்ளியின் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். தங்களைப் போன்ற பிள்ளைகள் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எழுத்தில் அக்கறை தானாக வந்தது.

இரண்டாமவர் ஒரு பங்குத் தந்தை. இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்கு வடக்கே மலைமீது பார்பியானா என்ற ஊர். 1954-இல் அருட்தந்தை லொரென்சோ மிலானி அங்கே அனுப்பப்பட்டபோது நல்ல சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள்தான். மலை விவசாயிகளின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தேர்வில் தோற்று வெளியேறிக்கொண்டிருந்தார்கள். தந்தை மிலானி பங்கு இல்லத்தையே பள்ளிக்கூடம் ஆக்கினார். ஞாயிறும் இல்லை, விடுமுறையும் இல்லை. பெரியவன் சின்னவனுக்குக் கற்றுக்கொடுத்தான். நாள்தோறும் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்து விவாதித்தார்கள்.

1967-இல் அந்தப் பள்ளியைச் சேர்ந்த எட்டுப் பையன்கள் சேர்ந்து, தங்களைத் தோல்வியடையச் செய்த ஆசிரியைக்கு ஒரு கடிதம் என்ற முறையில் ஒரு நூல் எழுதினார்கள். அந்த நூல் இத்தாலியை உலுக்கியது; பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அவர்கள் எழுதிய முறை எளிமையானது. ஒவ்வொருவனும் தனக்குத் தோன்றியதைத் துண்டுத் தாளில் எழுதி வைப்பான், ஒரு தாளில் ஒரே கருத்து. பிறகு எல்லாத் தாள்களையும் பெரிய மேசையில் பரப்புவார்கள். ஒரே கருத்து இரண்டு தாளில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுவார்கள். ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்குவார்கள். பிறகு உரக்க வாசித்து, தேவையில்லாத சொல், கடினமான சொல், பொய்யான சொல் எல்லாவற்றையும் களைவார்கள். சொல் வசப்படாதவரை ஏழை ஏழையாகவே இருப்பான் என்பது தந்தை மிலானியின் உறுதியான எண்ணம். நூல் வெளிவந்த சில வாரங்களில், 1967 ஜூன் மாதம், 44-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் மாதம், திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மலைக்கு ஏறிச் சென்று அவருடைய கல்லறையில் செபித்தார்.

மூன்றாவது, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். 1990-களில் கணிப்பொறி வீடுகளுக்குள் வரத் தொடங்கிய நேரம். டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலிய நாடகக் கலைஞர்களும் நண்பர்களும் சேர்ந்து, சாதாரண மக்கள் தங்கள் குடும்பப் படங்களையும் தங்கள் குரலையும் கணிப்பொறியில் இணைத்து இரண்டு மூன்று நிமிடக் கதைகள் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் இதற்கென ஒரு நிலையமும் தொடங்கினார்கள். இன்று டிஜிட்டல் கதைசொல்லல் என்று பள்ளிகளில் பேசப்படுவதன் ஊற்றுக்கண்களில் இது முக்கியமானது. அங்கேயும் முதல் வேலை கணிப்பொறியைத் திறப்பதில்லை. எல்லாரும் வட்டமாக அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்பதுதான் முதல் வேலை.

கவனித்தீர்களா? முதலாவது இடத்தில் அச்சு இயந்திரம், இரண்டாவது இடத்தில் துண்டுத் தாள், மூன்றாவது இடத்தில் கணிப்பொறி. கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. ஒன்று மட்டும் மாறவில்லை. மூன்று இடத்திலும் யாரோ ஒருவர் பிள்ளையையோ ஏழையையோ பார்த்து, "நீ சொல், நான் கேட்கிறேன்" என்றார்.

நம் பள்ளியில் நடந்தது

சென்ற கோடை விடுமுறையில் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று செல்போன்கள், பத்து நாள்கள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைப் பற்றி இரண்டு நிமிடக் கதை ஒன்று செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் நாள் எழுதி வந்ததை வாசித்தான். "பனைமரம் நமது மாநில மரம். அது கற்பகத் தரு எனப்படும். அதன் எல்லாப் பாகங்களும் பயன் தருவன." பிழையே இல்லை. பத்துக்குப் பத்து மதிப்பெண் போடலாம். ஆனால் வட்டத்தில் இருந்த பிள்ளைகள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுடைய தாத்தா பனையேறியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நான் எதையும் திருத்தவில்லை. "யாராவது இவனிடம் கேள்வி கேளுங்கள்" என்றேன். உன் தாத்தா ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவார், மழை பெய்தால் என்ன செய்வார் என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "உங்க தாத்தா உன்னைத் தூக்குவாங்களா?" என்றாள். "தூக்குவாங்க. ஆனா நெஞ்சு குத்தும்" என்றான் பையன். "ஏன் குத்தும்?" என்று அவள் விடவில்லை. அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மரத்தைக் கட்டிப் பிடிச்சு ஏறி ஏறி, நெஞ்செல்லாம் காய்ச்சுப் போச்சு" என்றான். பன்னிரண்டு பிள்ளைகளும் அவனைப் பார்த்தார்கள். கதை அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் அவனுடைய தந்தை வந்தார். "டீச்சர், நான் வண்டி ஓட்டப் போயி, இந்தப் பனையேத்த விட்டு வெளிய வர்றதுக்கு என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும். எம் மகன் படிக்க வந்த எடத்துலயும் அதைத்தான் எழுதணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வலி நியாயமானது. பனையேறியவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதை இங்கே இருக்கும் பெரியவர்கள் அறிவார்கள். ஆகவே நான் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. "இது உங்கள் அப்பாவின் வாழ்க்கை. அவரிடமே கேட்போம். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்" என்றேன்.

பையன் தான் எடுத்த படங்களைத் தாத்தாவிடம் காட்டினான். அருவாப்பெட்டி, தளைநார், சுண்ணாம்பு படிந்த கலயம், திண்ணையில் தாத்தா. பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு படத்தை நீக்கச் சொன்னார். சட்டையில்லாமல் நெஞ்சைக் காட்டும் படம் அது. "இது வேண்டாம்யா. கையைக் காட்டு, போதும்" என்றார். அதன்படியே செய்தான். அந்தக் கதையில் நெஞ்சு படத்தில் இல்லை. கை இருக்கிறது. அரிவாளைப் பலகையில் தீட்டும் ஓசை இருக்கிறது. அதற்கு மேல் பையனின் குரல், தாத்தா தூக்கினால் நெஞ்சு குத்தும் என்று சொல்கிறது. பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்த நெஞ்சு தெரிந்தது.

மண்டபத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டிய மாலையில், முதல் வரிசை நாற்காலியில் அந்தப் பெரியவர் இருந்தார். தந்தையும் வந்திருந்தார். முடிந்தபின் அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் தகப்பனாரின் கையைப் பிடித்துப் படியிறக்கி அழைத்துச் சென்றார்.

அன்பர்களே! இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு என்ற ஒன்று வந்திருக்கிறது. பனைமரத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். மாநில மரம், கற்பகத் தரு எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் இந்தப் பையனின் தாத்தா தூக்கினால் நெஞ்சு குத்தும் என்பது இவனுக்குத்தான் தெரியும். இவன் சொல்லாவிட்டால் வேறு யாராலும் சொல்ல முடியாது.

செய்யும் முறை

வீட்டிலும் அன்பியக் கூட்டத்திலும்கூட இதைச் செய்யலாம் என்பதால் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வட்டம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். செல்போன்கள் எல்லாம் ஒரு கூடையில் இருக்கட்டும். ஒரு பிள்ளை சொல்ல மற்றவர்கள் கேட்க வேண்டும். "நல்லா இல்லை" என்று சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்.

இரண்டாவது, எழுதுவது. நோட்டில் ஒரு பக்கம் போதும். நிறுத்தி வாசித்தால் இரண்டு நிமிடம் வரும். பேசுகிற தமிழிலேயே எழுதட்டும். எழுதியபின் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் அந்தச் சொல் அவனுடையதில்லை என்று அறியலாம்.

மூன்றாவது, படக்கட்டம். ஒரு வெள்ளைத் தாளை எட்டாக மடித்தால் எட்டுக் கட்டம். எந்த வரிக்கு எந்தப் படம் என்று பென்சிலால் கிறுக்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் செல்போனைக் கொடுத்தால் நூறு படம் எடுப்பார்கள், ஒன்றும் உதவாது.

நான்காவது, குரல். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும். எதிரொலி வந்தால் தலைக்கு மேல் ஒரு போர்வை. நாடகக் குரல் வேண்டாம். பாட்டியிடம் சொல்வதுபோல் சொன்னால் போதும்.

ஐந்தாவது, படம். வெளிச்சம் முகத்தில் விழும்படி சன்னலுக்கு எதிரில் ஆளை நிறுத்த வேண்டும். பழைய குடும்பப் படங்களைத் திண்ணையில் வைத்து நிழல் விழாமல் மறுபடம் எடுக்கலாம். பிறகு படத்தையும் குரலையும் செல்போனிலேயே இணைக்கலாம். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு செல்போன் போதும். ஒருவன் எடுக்க, ஒருத்தி வெளிச்சம் பார்க்க, ஒருவன் கட்டத்தாளைப் பிடிக்க, ஒருத்தி சத்தம் வராமல் காவல் நிற்க, நால்வரும் கற்றுக்கொள்வார்கள்.

எழுதத் தெரியாத சின்னஞ்சிறு பிள்ளைகளும் விலகி நிற்க வேண்டியதில்லை. களிமண் உருண்டை, புளியங்கொட்டை, தீப்பெட்டி இவற்றைத் தரையில் வைத்து, கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து வேகமாக ஓடவிட்டால் புளியங்கொட்டை நடந்து போகும். திரைப்படம் என்பது வினாடிக்கு 24 அசையாப் படங்கள் என்ற உண்மையைப் பிள்ளைகள் கையாலேயே அறிந்துகொள்வார்கள். திரையில் ஓடுவதெல்லாம் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து, வெட்டி, ஒட்டியது என்று கையால் அறிந்த பிள்ளையைத் திரை எளிதில் ஏமாற்ற முடியாது. போலி வீடியோக்கள் மலிந்த இந்நாளில் இது சிறிய பாதுகாப்பன்று.

மூன்று கட்டளைகள்

இதில் ஆபத்தும் உண்டு. ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று கட்டளைகளைச் சொல்லியிருக்கிறோம். முதலாவது, பொய் சேர்க்காதே. அழுகை வர வேண்டும் என்பதற்காக நடவாததை நடந்ததாகச் சொல்லாதே. இரண்டாவது, யாருடைய கதையோ அவரிடம் கேள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் படத்தை அழித்துவிடு. மூன்றாவது, ஊருக்கு அனுப்பாதே. வீட்டுக்கும் பங்குக்கும் காட்டுவது வேறு. முகம் தெரியாத கோடிப் பேருக்கு அனுப்புவது வேறு. 2023-இல் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நம் மனச்சாட்சி சொல்ல வேண்டும்.

"செல்போனை வாங்கி வைக்கச் சொல்வீர்கள் என்று வந்தோம், கொடுக்கச் சொல்கிறீர்களே" என்று தாய்மார்கள் சிலர் நினைப்பது புரிகிறது. இரவு பதினொரு மணிவரை யார் யாரோ ஆடுவதைப் பார்த்துக் கிடக்கும் பிள்ளையிடமிருந்து அதை வாங்கி வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் மறுநாள் மறைத்து வைத்துப் பார்ப்பான். அதே கருவியால் தன் பாட்டியின் குரலைப் பதிவு செய்த பிள்ளைக்கு, அது வேறு எதற்கும் உதவும் என்று தெரிந்துவிடுகிறது. "இதனால் மார்க் வருமா?" என்று தந்தைமார்கள் கேட்கிறார்கள். நேராக வராது. ஆனால் சொந்தமாக ஒரு பக்கம் எழுதக் கற்றவன் எந்தக் கேள்விக்கும் சொந்தமாக விடை எழுதுவான்.

பொன்விழாவுக்கு ஒரு விண்ணப்பம்

நிறைவாக, விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். பொன்விழா நினைவாகப் பள்ளிக்குப் பெரிய திரையும் புதிய கணிப்பொறிகளும் வாங்கலாம் என்று ஓர் எண்ணம் இருப்பதாக அறிகிறேன். கொடுக்கும் கைகளுக்கு நன்றி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்கிறேன். ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் ஒரு மணி நேரத்தையும், ஓர் அறையையும், பொறுமையாகக் கேட்கக் கூடிய நான்கு பெரியவர்களையும் தாருங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் கிடைப்பதற்கு அரியது இதுதான். கேட்க ஆள் இல்லாத பள்ளியில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் நான்கு மாதத்தில் தூசு படிந்துவிடும்.

முதல் வேலையும் தயாராக இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள், மணல் சலித்தவர்கள், கருப்பட்டி விற்ற காசில் பங்கு கொடுத்தவர்கள், ஓலைக் கொட்டகையில் பூசை கண்டவர்கள் இன்னும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். ஆலயத்தின் கல்வெட்டில் அவர்கள் பெயர் இல்லை. இந்த மலரின் பக்கங்களிலும் எல்லாருக்கும் இடம் இருக்காது. வெள்ளி விழாவின்போது இருந்தவர்களில் பலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கதையும் அவர்களோடு போய்விட்டது. மீதி இருப்பவர்களிடம் நம் பிள்ளைகளை அனுப்புவோம். ஒரு பிள்ளை ஒரு பெரியவர் அருகில் அமர்ந்து, "தாத்தா, அந்தக் கல்லை எங்கேயிருந்து கொண்டு வந்தீங்க?" என்று கேட்கட்டும். பெரியவரின் குரல் பதிவாகும். பிள்ளைக்கும் இந்தக் கோயில் தன்னுடையது என்பது தெரியும்.

பெற்றோர்களே! இன்றிரவே தொடங்கலாம். சாப்பிட்டபின் தொலைக்காட்சியைப் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். உங்கள் பிள்ளையிடம், "இன்னைக்கு என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்றால் விட்டுவிடாதீர்கள். அந்த நாலாம் வகுப்புச் சிறுமியைப் போல இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.

குழந்தைகளை நடுவில் நிறுத்தி நமக்குப் பாடம் சொன்ன நம் ஆண்டவர், இந்தப் பங்கின் பிள்ளைகளையும் அவர்களைக் கேட்டு வளர்க்கும் உங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.